மரப்பாவைக்கு மறுவாழ்வு தந்தவர்

நுழையும்முன்

தவறிழைத்த சிறுவனின் கதை தண்டனையோடு முடிந்துவிட வேண்டுமா? திருந்துவதற்கு அவனுக்கு மற்றொரு வாய்ப்பு உண்டா? இவ்வினாவுக்கு ஒரே எழுத்தாளர் ஒரே கதையில் இரு விடைகளை எழுதினார். அவர் இத்தாலி நாட்டின் கார்லோ கொலோடி, அக்கதை பினோக்கியோ.

இளமை

கொலோடியின் இயற்பெயர் கார்லோ லோரன்சினி. இவர் 1826ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை செல்வக் குடும்பம் ஒன்றில் சமையற்காரராகப் பணிபுரிந்தார். பிள்ளைகளுள் மூத்தவரான கார்லோ, உடன்பிறந்தோர் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். சமயப் பள்ளியில் பயின்றபின் புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில், தாயின் ஊரான கொலோடியின் பெயரையே தம் புனைபெயராகக் கொண்டார்.

நாட்டுப்பற்றும் எழுத்தும்

அந்நாளில் இத்தாலி பல அரசுகளாகப் பிளவுண்டு கிடந்தது. 1848இலும் 1859இலும் ஆஸ்திரியாவுக்கு எதிரான போர்களில் கொலோடி தன்னார்வ வீரராகக் களம் புகுந்தார். 1848இல் அவர் தொடங்கிய அங்கத இதழ், மறு ஆண்டே தடைசெய்யப்பட்டது. பதினோர் ஆண்டுகளுக்குப்பின் 1860இல் அதனை மீண்டும் வெளியிட்டார்.

1861இல் இத்தாலி ஒரே அரசாயிற்று. 1877இல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அடங்காச் சிறுவன் ஒருவனை மையமாகக் கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கான நூலொன்றை எழுதினார்.

முடிந்த கதை தொடர்ந்தது

1881 ஜூலையில் சிறுவர் வார இதழ் ஒன்றில் பினோக்கியோ தொடராக வெளிவரத் தொடங்கியது. தச்சர் ஜெப்பெட்டோ மரக்கட்டையில் செதுக்கிய பாவை, குறும்புக்காரச் சிறுவனாகத் திரிகிறது. அவனுக்குப் பாடநூல் வாங்குவதற்காக ஜெப்பெட்டோ கடுங்குளிரில் தம் மேலங்கியை விற்கிறார். பினோக்கியோவோ அந்நூலை விற்றுப் பாவைக்கூத்துக் காணச் செல்கிறான். பதினைந்தாம் அத்தியாயத்தில், கொள்ளையர் அவனை ஓக் மரத்தில் தூக்கிலிடுகின்றனர். கொலோடி கதையை அங்கேயே முடித்தார்.

இளம் வாசகர்கள் அம்முடிவை ஏற்கவில்லை. கதையைத் தொடருமாறு வேண்டினர். இதழாசிரியரும் வற்புறுத்தவே, 1882இல் கொலோடி மீண்டும் எழுதலானார். பினோக்கியோ உயிர் பிழைத்தான்.

உழைப்பால் பெற்ற உயர்வு

உயிர் பிழைத்தவன் உடனே திருந்திவிடவில்லை. பொய்யுரைத்து மூக்கு நீளப்பெற்றான். பள்ளி செல்வதாக வாக்களித்துவிட்டு விளையாட்டு நாட்டிற்கு ஓடிக் கழுதையானான். இறுதியில் கடற்பேருயிரின் வயிற்றிலிருந்து தந்தையை மீட்டபின்னரே அவன் வாழ்வு மாறியது. நோயுற்ற தந்தைக்கு ஒரு குவளைப் பால் பெறுவதற்காக நாள்தோறும் நூறு வாளி நீர் இறைத்தான், கூடை முடைந்தான், இரவில் எழுதப் படிக்கப் பழகினான். தனக்குப் புத்தாடை வாங்கச் சேர்த்த காசையும், தன்னைத் தாய்போல் காத்த தேவதையின் நோய் தீர்க்கக் கொடுத்தான். மேலங்கியை இழந்த தந்தையின் அன்பை அன்றுதான் அவன் தன் செயலில் காட்டினான். மறுநாள் காலையில் மரப்பாவை மனிதச் சிறுவனாகக் கண்விழித்தது.

நிலைத்த புகழ்

1883இல் இக்கதை நூலாக வெளிவந்தது. 1890ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் கொலோடி புளோரன்ஸில் காலமானார். அதன்பின் பினோக்கியோ உலக மொழிகள் பலவற்றிற்குச் சென்றான். 1956இல் கொலோடி சிற்றூரில் அவனுக்கெனப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. பதினைந்தாம் அத்தியாயத்தோடு முடிந்திருக்க வேண்டிய அம்மரப்பாவை, குழந்தைகள் கேட்டுப் பெற்ற மறுவாய்ப்பால் இன்றும் வாழ்கிறது.