சித்தூர் தந்த இசைச் செல்வர்

நாட்டின் எல்லையைக் கோடு போட்டுப் பிரித்துவிடலாம். பாட்டின் எல்லையை அவ்வாறு பிரித்துவிட முடியுமா? தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் உறவாடும் சித்தூர்ச் சீமையிலே பிறந்து, காஞ்சியிலே கற்று, சென்னையிலே சிறப்பெய்தி, திருப்பதியிலே கற்பித்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் வரலாறு இக்கேள்விக்குத் தக்கதொரு விடை எனலாம்.

1898-ஆம் ஆண்டு, குட்டைப் பசுக்களுக்குப் பெயர் பெற்ற புங்கனூரில் அவர் பிறந்தார். அந்நாளில் புங்கனூர் ஜமீன் சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்ததே 1911-இல்தான். தந்தையார் பேரய்யா ஹரிகதை செய்பவர். ஹரிகதை என்பது கற்றவரும் கல்லாதவரும் ஒன்றாக அமர்ந்து கேட்கும் கலை. கதையும் பாட்டும் நகைச்சுவையும் நல்லுரையும் அதில் இழைந்து வரும். நடுநிசியில் தூக்கம் கண்ணைச் சுழற்றும் கூட்டத்தை ஒரு துள்ளல் பாட்டால் நிமிர்ந்து உட்காரச் செய்யும் திறம் பாகவதருக்கு வேண்டும். தந்தையின் அக்கலையே சிறுவனுக்கு முதற் பள்ளி. மக்களின் நாடியை அறிந்து பாடும் பாங்கு இளமையிலேயே அவருக்கு வாய்த்தது.

ஆனால் அது மட்டும் போதுமா? கணக்கில் தேர்ந்து, இலக்கணத்தில் நின்று பாடினாலன்றி வித்துவான்களின் அவையில் இடமில்லை. அந்தக் கல்வியை நாடிக் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் சேர்ந்தார் சுப்பிரமணிய பிள்ளை.

நயினாப் பிள்ளை (1889–1934) தாள உலகில் தனிக்காட்டு அரசர். அவர் கச்சேரியில் பிடிலும் மிருதங்கமும் மட்டுமா இருக்கும்? கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்திருக்கும். 'புல் பெஞ்சு' என்று ரசிகர்கள் அதற்குப் பெயரிட்டிருந்தனர். நீதிபதிகள் பலர் கூடி அமரும் உயர் நீதிமன்ற அமர்வை நினைத்து வைத்த பெயர் அது. பாடகர் கணக்கில் ஓர் அட்சரம் தவறினாலும் அத்தனை வாத்தியங்களும் சாட்சி சொல்லிவிடும் அல்லவா! பல்லவி பாடுவதில் இணையற்றவர் நயினாப் பிள்ளை. தியாகராசரின் கீர்த்தனைகளைப் பரப்பியவரும், சிக்கலான தாளங்களில் அமைந்த திருப்புகழை மேடையில் முழங்கியவரும் அவரே.

அத்தகைய ஆசானிடம் கற்பது எளிதன்று. பல்லவி என்பது ஒரே ஒரு வரிதான். அவ்வரியைத் தாளத்தின் ஒரு குறித்த இடத்தில் எடுத்து, நிதானமாகவும் இரட்டித்தும் நாலு மடங்கு விரைவிலும் பாடி, ஒவ்வொரு முறையும் எடுத்த இடத்துக்கே தவறாமல் வந்து சேர வேண்டும். கை தாளம் போட, மனம் கணக்குப் போட, குரல் இராகத்தை விடாமல் செல்ல வேண்டும். அக்கல்வியைச் சுப்பிரமணிய பிள்ளை தன்வயமாக்கிக் கொண்டார். நயினாப் பிள்ளையின் வழியைக் காத்து நின்ற தலை மாணாக்கர் என்று இசையுலகம் அவரைப் போற்றியது.

குருவுக்கும் சீடருக்கும் இடையே ஒரு வேற்றுமையும் உண்டு. நயினாப் பிள்ளை இசைத்தட்டை நாடாதவர். அவர் குரல் அவர் காலத்தோடு காற்றில் கரைந்துவிட்டது. சீடரின் குரலோ இசைத்தட்டின் மூலம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. அங்ஙனம் பரவிய பாட்டு எது? அரும்பாடுபட்டுக் கற்ற பல்லவியா? இல்லை, ஆனந்தபைரவியில் அமைந்த 'மதுரா நகரிலோ' என்னும் எளிய தெலுங்குப் பாட்டு. மோர் விற்கப் புறப்பட்ட ஆயர்மகள் வழிமறிக்கும் கண்ணனிடம் வழி விடுமாறு கேட்கிறாள், அவ்வளவுதான் செய்தி. அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று மணித்துளியே ஓடும். ஒரு மணி நேரம் விரியும் இராகம் தானம் பல்லவிக்கு அதில் இடம் ஏது? இச்சிறு பாட்டுக்கு அது போதும். தெலுங்கு அறியாதவரும் அதை முணுமுணுத்தனர். நாட்டிய மேடையிலும் அது இடம் பெற்றது.

இதைக் கொண்டு அவர் தம் தரத்தைத் தாழ்த்திக் கொண்டார் என்று கூறலாமோ? கூடாது. தாளக் கணக்கில் ஆழங்கால் பட்டவர் எளிய பாட்டைப் பாடும்போது அதன் நடை எங்கும் தளர்வதில்லை. காஞ்சியில் பெற்ற கட்டுப்பாடும் ஹரிகதையில் பெற்ற கனிவும் ஒரே குரலில் கூடியதுதான் அவர் பெற்ற வெற்றி. மக்கள் விரும்புவது தாழ்ந்தது என்றும், கற்றோர் விரும்புவது உலர்ந்தது என்றும் வாதிடுவோர் இருசாராருக்கும் இது பாடம்.

1954-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவரை வந்தடைந்தது. அந்த ஆண்டை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 1953-இல்தான் ஆந்திர மாநிலம் பிரிந்திருந்தது. சென்னை யாருக்கு, திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று இருபுறமும் குரல் எழும்பிய காலம் அது. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. மண்ணைப் பற்றிய வழக்கு நடந்துகொண்டிருந்த வேளையிலே, சித்தூரைப் பெயரிலே தாங்கியவர் சென்னையின் உயர்ந்த இசை விருதைப் பெற்றார்.

பின்னர்த் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வேங்கடேசுவரா இசை, நடனக் கல்லூரியின் முதல்வராகத் திருப்பதியில் அவர் பணியாற்றினார். குருகுலத்தில் ஆசானின் நிழலாக இருந்து கற்றவர், மணியடித்து வகுப்பு நடக்கும் கல்லூரியில் கற்பித்தார். 1975-இல் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற செல்வங்களுள் தலையாயது ஒரு மாணாக்கர்: மதுரை சோமசுந்தரம் (1919–1989). சோமு என்று தமிழகம் அன்போடு அழைத்த அவர், பிள்ளையவர்களிடம் பல்லாண்டு குருகுலவாசம் செய்தவர். காஞ்சியின் 'புல் பெஞ்சு' மரபு சோமுவின் மேடையில் மீண்டும் உயிர் பெற்றது. 1972-இல் வெளிவந்த 'தெய்வம்' படத்தில் அவர் பாடிய மருதமலைப் பாட்டைக் கேளாத தமிழர் உண்டோ? தெலுங்குச் சீமையில் பிறந்த ஆசானின் பயிற்சிதான் தமிழ் முருகனுக்கு அத்தகைய குரலைத் தந்தது.

எந்த மொழி பெரிது, எந்த ஊர் யாருடையது என்ற வாதம் நம் விடுதிகளிலும் எழுவதுண்டு. மொழிப்பற்று வேண்டுவதே. ஆயின் காஞ்சி சித்தூருக்குக் கொடுத்தது, சித்தூர் மதுரைக்குத் திருப்பிக் கொடுத்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் இழந்தவர் எவருமில்லை, அனைவரும் வளர்ந்தனர். மாணவர்களாகிய நாம் இதனை மறவாதிருப்போமாக!