கேலிப் பாடல்களின் நாயகன் எனோகென்

ஜப்பானின் நகைச்சுவை மன்னர் எனப் போற்றப்பட்டவர் எனோகென். இயற்பெயர் எனோமோட்டோ கெனிச்சி. டோக்கியோவில் 1904 அக்டோபர் 11-ஆம் தேதி பிறந்த அவர், அந்நகரின் கேளிக்கை மையமான அசகுசாவில் 1929-இல் தொடங்கப்பட்ட ‘கேசினோ ஃபோலி’ நாடகக் குழுவின் மூலம் புகழ்பெற்றார்.

அமெரிக்க ஜாஸ் மெட்டுகளில் கேலி வரிகளைப் பாடுவது அவரது தனித்திறன். டிக் மினே 1934-இல் ஜப்பானில் பிரபலமாக்கிய ‘டைனா’ என்ற காதல் பாடலை, கவிஞர் சாட்டோ ஹச்சிரோவின் புதிய வரிகளில் எனோகென் பாடினார். காதலியின் பெயரான டைனா அதில், எஜமானரைக் குறிக்கும் ‘தன்னா’ ஆனது. காதல் ஏக்கம், மது வாங்கித் தருமாறு கெஞ்சும் வேண்டுகோளாயிற்று.

துள்ளலான நடிப்புக்குப் பெயர்பெற்ற அவர், நோயால் 1962-இல் வலது காலை இழந்தார். ஆயினும் செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறி மக்களைச் சிரிக்கவைத்தார். 1970 ஜனவரி 7-ஆம் தேதி, தமது 65-ஆவது வயதில் காலமானார்.