முதலாம் கோப்பெருஞ்சிங்கன்

முதலாம் கோப்பெருஞ்சிங்கன் என்பவன் கி.பி. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேந்தமங்கலத்தைத் தலைநகராகக் கொண்டு நடுநாட்டை ஆண்ட காடவர் குலத் தலைவன் ஆவான். சோழருக்கு அடங்கிய சிற்றரசர் குடியில் பிறந்த இவன், தன் பேரரசனான மூன்றாம் இராசராச சோழனைத் தெள்ளாற்றில் வென்று சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். 1231ஆம் ஆண்டில் போசளர் படையெடுத்து வந்து சோழனை மீட்டனர். சோழப் பேரரசின் வீழ்ச்சியைக் காட்டும் முதன்மையான நிகழ்வுகளுள் இச்சிறைவைப்பும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பெயர்

கோப்பெருஞ்சிங்கன் என்பதற்குப் பெரிய சிங்கம் போன்ற அரசன் என்பது பொருள். அழகிய பல்லவன், அழகிய சீயன் ஆகிய பெயர்களும் இவனுக்கு வழங்கின. சீயம் என்பது சிங்கத்தைக் குறிக்கும் சொல். வடமொழிக் கல்வெட்டில் இவன் சீய மகிபதி எனப்படுகிறான்.

மரபும் குடும்பமும்

காடவர் தம்மைப் பல்லவர் வழியினர் எனக் கூறிக்கொண்டனர். காடவர் என்னும் பெயர் பல்லவ மன்னர்களுக்கும் வழங்கியது. பல்லவப் பேரரசு மறைந்த பின்னர் இக்குடியினர் கெடிலம் ஆற்றை ஒட்டிய திருமுனைப்பாடிப் பகுதியில் சோழர்களின் கீழ்த் தலைவர்களாக விளங்கினர். விருத்தாசலம் கோயிலில் உள்ள 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு இவர்களின் பல தலைமுறைகளைப் பற்றிக் கூறுகிறது. ஆளப்பிறந்தான், காடவராயன், கச்சிராயன் முதலியவை இக்குடியினர் தாங்கிய பட்டங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் அமைந்துள்ள கச்சிராயபாளையத்தின் பெயரிலும் கச்சிராயன் என்னும் சொல் காணப்படுகிறது.

கோப்பெருஞ்சிங்கனின் தந்தை மணவாளப்பெருமாள். இவன் காலத்திலேயே சேந்தமங்கலம் காடவரின் வலிமையான இருப்பிடமாக உருப்பெற்றது. கோப்பெருஞ்சிங்கனின் மனைவி பெயர் சீலவதி. இவர்களுடைய மகனே இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன்.

தெள்ளாற்றுப் போர்

மூன்றாம் குலோத்துங்கனுக்குப் பின் வந்த மூன்றாம் இராசராசன் (ஆட்சி தொடக்கம் 1216) வலிமை குன்றிய அரசனாக இருந்தான். முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின் மீது படையெடுத்து அவனைத் தோற்கடித்தான். தோல்வியுற்று வடக்கு நோக்கிச் சென்ற சோழனைக் கோப்பெருஞ்சிங்கன் வந்தவாசிக்கு அருகில் உள்ள தெள்ளாற்றில் எதிர்த்து வென்றான். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் வெற்றி பெற்ற களமும் இதுவே. கோப்பெருஞ்சிங்கனின் வெற்றியை வயலூர்க் கல்வெட்டுப் பாடல்கள் புகழ்கின்றன.

போசளர் படையெடுப்பு

சோழன் சிறைப்பட்ட செய்தியை அறிந்த போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். வழியில், கல்வராயன் மலைக்குத் தெற்கே ஆறகளூரை மையமாகக் கொண்டிருந்த மகதை நாட்டை வென்றான். பின்னர் திருவரங்கத்திற்கு அருகில் பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் ஆகிய தண்டநாயகர் இருவரை அனுப்பினான்.

இப்படையெடுப்பை விரிவாகக் கூறுவது கடலூருக்கு அருகில் உள்ள திருவயிந்திரபுரம் கோயில் கல்வெட்டு ஆகும். அதன்படி, போசளப் படையினர் கோப்பெருஞ்சிங்கன் இருந்த எள்ளேரி, கள்ளியூர்மூலை ஆகிய ஊர்களையும், சோழகோன் இருந்த தொழுதகையூரையும் அழித்தனர். கோப்பெருஞ்சிங்கன் பக்கம் நின்ற ஈழத்துப் பராக்கிரமபாகு கொல்லப்பட்டான். அவர்கள் தில்லையில் வழிபட்டு, திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, சேந்தமங்கலத்தை முற்றுகையிட முனைந்தபோது கோப்பெருஞ்சிங்கன் சோழனை விடுவிக்க இசைந்தான். விடுவிக்கப்பட்ட இராசராசனைத் தண்டநாயகர்கள் சோழநாட்டிற்கு அழைத்துச் சென்றனர்.

கல்வெட்டுகளின் முரண்பாடு

திருவயிந்திரபுரம் கல்வெட்டு கோப்பெருஞ்சிங்கனை நாட்டையும் கோயில்களையும், குறிப்பாகத் திருமால் தலங்களையும், அழித்தவனாகக் காட்டுகிறது. வயலூர்ப் பாடல்களோ அவனைப் பெருவீரனாகப் போற்றுகின்றன. முன்னது அவனை எதிர்த்த போசளர் தரப்பினது. பின்னது அவன் தரப்பினது. எனவே ஒன்றை மட்டும் கொண்டு இவனை மதிப்பிடுவது பொருந்தாது. சேந்தமங்கலத்தில் ஆபத்சகாயேசுவரர் கோயிலை எழுப்பியதும், தில்லைக் கோயிலுக்குப் பெரும் திருப்பணிகள் செய்ததும் காடவர் குடியே ஆகும்.

ஒருவரா இருவரா

தொடக்ககால ஆய்வாளர்கள் கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் ஒரே அரசன் இருந்ததாகக் கருதினர். 1231ஆம் ஆண்டு நிகழ்வுக்கும் 1279ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி உள்ளது. வடமொழிக் கல்வெட்டு சீய மகிபதியையும் சீலவதியையும் பெற்றோராகக் குறிப்பிடுவதால், தந்தையும் மகனும் ஒரே பெயரைத் தாங்கினர் என்பது பின்னர் ஏற்கப்பட்டது. எனினும் சில திருப்பணிகளை இவ்விருவருள் யாருக்கு உரியனவாகக் கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சொக்கச்சீயன் எனப் பெயர்பெற்ற, ஏழு நிலைகளைக் கொண்ட தில்லைத் தெற்குக் கோபுரம் அவற்றுள் ஒன்று.

பிற்காலம்

மகன் இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனின் ஆட்சியாண்டுகள் 1243 முதல் கணக்கிடப்படுகின்றன. அவன் அவனியாளப்பிறந்தான், சகலபுவனச் சக்கரவர்த்தி முதலிய பட்டங்களைப் பூண்டான். பெரம்பலூர்ப் போரில் போசளத் தண்டநாயகர்களைக் கொன்று, அதற்குக் கழுவாயாக விருத்தாசலம் இறைவனுக்கு நெற்றிப்பட்டம் அளித்தான். 1262ஆம் ஆண்டைச் சேர்ந்த அவனது கல்வெட்டு ஆந்திரத்தின் திராட்சாராமத்தில் உள்ளது.

முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தைக் கைப்பற்றி, பின்னர் அதை அவனுக்கே திருப்பி அளித்தான். பேரரசனைச் சிறைவைத்த தந்தையின் நகரை, மகன் மற்றொரு பேரரசனின் கொடையாகப் பெற்றான். 1279ஆம் ஆண்டிற்குப் பின் காடவர் தனியரசு மறைந்து, அந்நாடு பாண்டியர் ஆட்சியில் சேர்ந்தது.

சேந்தமங்கலம் கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் உள்ளது. நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம் வேறு ஊர் ஆகும். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்பட்டது.