வீழ்ச்சியிலும் குன்றாத பண்பு

ஒருவர் எவ்வளவு உயர்ந்தார் என்பதைக் கொண்டே அவரை மதிப்பிடுவது உலக வழக்கம். உயரத்திலிருந்து வீழ்ந்த பின்னர் அவர் எப்படி வாழ்ந்தார் என்று நாம் கேட்பது அரிது. 'கப்பலோட்டிய தமிழர்' வ.உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையில் இந்தப் பிற்பகுதியே எனக்குப் பெரும் பாடமாகத் தோன்றுகிறது.

1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தந்தை உலகநாத பிள்ளையைப் போலவே வழக்குரைஞரானார். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 10 லட்சம் ரூபாய் திரட்டுவது நோக்கம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயர் கொண்டிருந்த ஏகபோகத்தை எதிர்த்து 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்று, அவர்களது கோரிக்கைகள் நிறைவேறவும் வழிசெய்தார்.

அந்த வெற்றியை ஆட்சியாளர்கள் பொறுக்கவில்லை. அதே ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டாலும், சிறைக் கொடுமை குறையவில்லை. கோவைச் சிறையில் மாடுகள் இழுக்கும் செக்கை அவர் இழுத்தார்.

உடல் நொறுங்கிய அந்நாட்களில் அவர் நாடியது அறநூல்களை. எண்ணங்களின் தூய்மையே வாழ்வைத் தீர்மானிக்கிறது என்று வலியுறுத்திய ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். கண்ணூர்ச் சிறையில் திருக்குறளை அடியொற்றி 'மெய்யறம்' இயற்றினார். ஆங்கில ஆட்சி அவரைச் சிறையிலிட்டிருந்த காலத்திலும், ஆங்கிலேயர் ஒருவரின் சிந்தனையை ஏற்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது நிறுவனம் கலைக்கப்பட்டிருந்தது. அவர் அரும்பாடுபட்டு வாங்கிய கப்பல், போட்டி நிறுவனத்தின் கைக்கே போயிருந்தது. வழக்குரைஞர் உரிமமும் பறிபோனது. சென்னையில் குடும்பத்தைக் காக்க வறுமையோடு போராட வேண்டியிருந்தது. நாட்டுக்காக எல்லாவற்றையும் இழந்தவர் நாட்டின் மீதே கசப்புக் கொண்டிருந்தால் யாரும் குறைகூறியிருக்க முடியாது. அவரோ அந்தக் காலத்திலும் தொழிலாளர் சங்கப் பணிகளில் ஈடுபட்டார். திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் பதிப்பித்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையையும் அச்சேற்ற உழைத்தார்.

பின்னாளில், வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அவருக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அந்நிய ஆட்சியின் மீது அவர் கொண்ட எதிர்ப்பு, ஆங்கிலேயர் ஒவ்வொருவர் மீதுமான வெறுப்பாக மாறவில்லை. மாற்றுக் கருத்துடையவரையே பகைவராக எண்ணிப் பழகிவிட்ட இக்காலத்துக்கு இது மிகவும் தேவையான பாடம்.

1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் அவர் மறைந்தார். அதற்குமுன் எழுதிவைத்த உயிலில், துணிக்கடை, எண்ணெய்க் கடை முதலியவற்றுக்குத் தாம் செலுத்த வேண்டிய சிறு கடன்களையும் குறித்திருந்தார். லட்சங்களைத் திரட்டிக் கப்பல் விட்டவர், கடைக்காரருக்குத் தர வேண்டிய சில ரூபாய்களை மறக்கவில்லை.

செல்வமும் பதவியும் செல்வாக்கும் நம் கையை மீறியவை, வரும், போகும். நன்றி, நேர்மை, கசப்பில்லாத உள்ளம் ஆகியவற்றை நாமாக விட்டாலன்றி வேறு எவராலும் பறிக்க இயலாது. நம் பிள்ளைகளுக்கு வ.உ.சி.யின் கப்பல்களைப் பற்றிச் சொல்கிறோம். அவரது உயிலைப் பற்றியும் அவசியம் சொல்ல வேண்டும்.