இழந்து பெற்ற வீரர்: ஸ்டீவ் புளூமர்

உதைபந்தாட்ட வெளியின் ஓரத்திலே நின்று, தம் கழகத்தார் வென்றால் தாமே வென்றதாகக் களித்தும், தோற்றால் தாமே தோற்றதாக முகம் வாடியும் வீடு திரும்புவோரை நாம் எல்லோரும் அறிவோம். நம்மிற் பலர் அவ்வினத்தைச் சேர்ந்தவர்களே. இத்தகைய அபிமானிகளுக்கு நேரும் துன்பங்களுள் தோல்வி பெரிதன்று. இன்று தோற்றவர் அடுத்த வாரம் வெல்லலாம். ஆனால், பல ஆண்டுகளாகத் தாம் கண்ணெனப் போற்றிய ஆட்டக்காரர் ஒருவர் வேறொரு கழகத்தின் சட்டையை அணிந்துகொண்டார் என்னும் செய்தி வருமாயின், அத்துயரை எளிதில் ஆற்ற இயலாது. விளையாட்டில் நாட்டமில்லாதார் இதைக் கேட்டு நகைப்பர். உறவினனல்லன், நண்பனல்லன், நேரிற் பேசியறியாதவன். அவன் எங்கே போனால் உமக்கென்ன என்று வினவுவர். இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர்க்கு இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்டீவ் புளூமரின் வரலாறு பெரிதும் உதவும். ஆகவே அதனை இங்கே சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

புளூமர் 1874-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ஆம் தேதி, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள கிராட்லி ஹீத் என்னும் ஊரிற் பிறந்தார். இரும்புச் சங்கிலி செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. தந்தையார் கொல்லர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தார் டார்பி நகருக்குக் குடிபெயர்ந்தனர். டார்பி அக்காலத்தில் இருப்புப்பாதைக் கம்பெனியின் பெரும் பட்டறைகளாலும் வார்ப்படச் சாலைகளாலும் நிறைந்த தொழில் நகரம். இளைஞர் புளூமரும் பட்டறையிற் சம்மட்டி பிடித்து உழைத்தவரே. உழைப்பு முடிந்த பின் அவர் நாடியது உதைபந்தாட்ட வெளியையே.

1892-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதினராக இருந்தபோது, அவர் டார்பி கவுண்டி கழகத்திற் சேர்ந்தார். தொடக்கத்தில் வாரத்திற்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் ஊதியம் பெற்றார் என்பர். அக்கழகத்தில் ஜான் குடால் என்னும் பெரிய ஆட்டக்காரர் இருந்தார். 1889-இல் ஒரு பந்தயத்திலும் தோலாமல் லீக் வெற்றியை அடைந்த பிரஸ்டன் கழகத்தாருள் அவரும் ஒருவர். புதிதாக வந்த இளைஞருக்கு அவரே ஆசானும் வழிகாட்டியுமாக அமைந்தார்.

புளூமரைக் கண்டோர் முதலில் ஏமாற்றமே அடைந்திருப்பர். மெலிந்த உடலும் வெளிறிய முகமும் உடையவர் அவர். ஆயினும் முன்வரிசையில் வலப்பக்கம் நின்று ஆடும் அவர் காலிற் பந்து வந்துவிட்டால், காப்பாளர் நிலைகொள்ளுமுன்னே அது கோலினுள் இருக்கும். பந்தை நிறுத்தி, பார்த்து, பின்பு அடிப்பது அவர் வழக்கமன்று. வந்த பந்தை வந்தவாறே, எந்தக் காலுக்கு வாய்த்ததோ அந்தக் காலால், தரையோடு தரையாகச் செலுத்துவதே அவருடைய முறை. ஐந்து பருவங்களில் அவர் முதற் பிரிவில் யாவரினும் மிகுதியான கோல்களை அடித்தார். இங்கிலாந்து நாட்டிற்காக முதன்முதல் ஆடியது 1895-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். அயர்லாந்துக்கு எதிரான அப்பந்தயம் டார்பி நகரிலேயே நடைபெற்றது. தம் ஊரார் கண்முன்னே அவர் இரண்டு கோல்கள் அடித்தார். நாட்டிற்காக ஆடிய முதற் பத்துப் பந்தயங்களுள் அவர் கோல் அடியாத பந்தயம் ஒன்றேனும் இல்லை. 1907 வரை ஆடிய 23 பந்தயங்களில் 28 கோல்கள் அவர் கணக்கில் ஏறின.

புகழ் இவ்வாறு பெருகினும், டார்பி நகரத்தாரின் ஆசையொன்று நிறைவேறாமலே இருந்தது. 1896-இல் முதற் பிரிவில் ஆஸ்டன் வில்லா கழகத்துக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடமே கிடைத்தது. எப்.ஏ. கிண்ணத்தின் இறுதிப் பந்தயத்தை 1898-இலும் 1899-இலும் எட்டி, இருமுறையும் தோற்றனர். 1903-இல் மூன்றாம் முறை எட்டியபோது புளூமர் காயமுற்று ஆட இயலாதவரானார். அன்று பெரி கழகத்தார் ஆறு கோல்கள் அடித்தனர். டார்பியார் ஒன்றும் அடித்திலர். அவர் ஒருவர் இருந்திருப்பின் என்று அன்று வருந்தாத அபிமானி டார்பியில் இருந்திருப்பாரோ? வெற்றியிற் பிறக்கும் அன்பினும், கூடித் தோற்றுக் கூடி ஏங்கியதிற் பிறக்கும் அன்பு வலியது. பதினான்கு ஆண்டுகளாக நகரத்தாரும் புளூமரும் இவ்வாறே பிணைப்புண்டிருந்தனர். பட்டறைத் தொழிலாளர்க்கு அவர் தம்முள் ஒருவர். தம் தெருவிலே வளர்ந்தவர்.

இந்நிலையில் 1906-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்விடி விழுந்தது. கழகத்தின் கருவூலம் வறண்டிருந்தது. வடகிழக்கிலே டீஸ் நதிக்கரையில் உள்ள மிடில்ஸ்பரோ கழகமோ முதற் பிரிவிலிருந்து இறங்கிவிடும் நிலையில் இருந்தது. செலவிட அஞ்சாத கழகமும் அதுவே. முந்திய ஆண்டில் ஆல்ப் காமன் என்பவரை ஆயிரம் பவுன் கொடுத்துப் பெற்று, நாட்டையே வியப்பில் ஆழ்த்தியவர்கள் அக்கழகத்தார். அவர்கள் புளூமரையும் வேறொரு டார்பி ஆட்டக்காரரையும் சேர்த்து 750 பவுனுக்குப் பெற்றுக்கொண்டனர். புளூமருக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

இவ்விடத்தில் அக்காலத்து விதிகளைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். ஓர் ஆட்டக்காரர் ஒரு கழகத்திற் பதிவு செய்யப்பட்டால், ஒப்பந்த காலம் முடிந்த பின்னும் அக்கழகத்தின் சம்மதமின்றி லீக்கில் வேறிடம் சென்று ஆடுதல் இயலாது. 1901 முதல், எத்துணைச் சிறந்தவராயினும் வாரத்திற்கு நான்கு பவுனுக்கு மேல் ஊதியம் பெறுதலும் விதிக்கு மாறாகும். ஆகவே ஆயிரம் பவுன் கைமாறினும், அது கழகத்திலிருந்து கழகத்துக்குச் செல்லுமேயன்றி ஆட்டக்காரர் வீட்டை எட்டாது. இவ்விதிகளை எதிர்த்தே 1907-இல் ஆட்டக்காரர் சங்கம் தோன்றியது. ஊதிய வரம்பு 1961-இல்தான் நீங்கிற்று. பதிவு விதியின் கடுமையோ 1963-இல் நீதிமன்றத் தீர்ப்பினாலேயே தளர்ந்தது.

அபிமானியின் துயருக்கு ஒரு தனி இயல்பு உண்டு. விற்றவர் கழகத்தார்; வாங்கியவர் அயலூரார்; சென்றவர் ஆட்டக்காரர். இம்மூவருள் எவரும் அபிமானியைக் கேட்டுச் செய்வதில்லை. மழையிலும் பனியிலும் நின்று, வாரந்தோறும் நுழைவுக் காசு செலுத்திய அவனுக்கு, அந்த வியாபாரத்தில் ஒரு சொல்லுக்கும் இடமில்லை. கேளாமலே அன்பு செலுத்தினான். கேளாமலே அவ்வன்பின் பொருளை இழந்தான். இதனாலேயே அவன் சினம் சில வேளைகளில் சென்றவர்மேற் பாய்கின்றது. இக்காலத்திலும் கழகம் மாறிய வீரர் பழைய ஊருக்கு ஆட வரும்போது, நேற்றுவரை வாழ்த்திய வாயே வசைபாடுவதைக் காண்கின்றோம். ஆனால், சென்றவர் எவ்வளவு தூரம் தம் விருப்பத்தாற் சென்றார் என்பதை ஆராய்ந்து சினப்போர் சிலரே.

புளூமர் சென்றதன் விளைவு விரைவிலே வெளிப்பட்டது. மிடில்ஸ்பரோ கழகத்தார் அவ்வாண்டு, நாட்டிங்ஹாம் பாரஸ்ட் கழகத்தோடு புள்ளிகளில் ஒத்து நின்று, கோல் விகிதத்தினால் மட்டுமே முதற் பிரிவில் தப்பி நிலைத்தனர். அடுத்த ஆண்டு, அதாவது 1907-இல், டார்பி கழகத்தார் முதற் பிரிவிலிருந்து இறங்கினர். லீக் தோன்றிய 1888 முதல் அவர்கள் அப்பிரிவை விட்டு இறங்கியது அதுவே முதன்முறை. பொருள் முட்டுப்பாட்டால் விளைந்த செயலே எனினும், எழுநூற்றைம்பது பவுனுக்கு விற்றது ஓர் ஆட்டக்காரரை மட்டுமன்று என்பதை நகரத்தார் அப்போது உணர்ந்தனர்.

புளூமர் மிடில்ஸ்பரோவில் நான்காண்டுகள் கழித்தார். அங்கும் அவர் உழைப்பிற் குறை வைத்திலர். லீக்கில் 125 பந்தயங்களில் ஆடி 59 கோல்கள் அடித்தார். ஊதியம் பெற்ற இடத்துக்கு உண்மையாக உழைத்தலும், வளர்ந்த ஊரை மறவாதிருத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

1910-ஆம் ஆண்டில், எவரும் எதிர்பாராத நன்மையொன்று டார்பி நகரத்தார்க்கு வாய்த்தது. அப்போது கழகத்தை நடத்தி வந்த ஜிம்மி மெத்வன், முன்னாளில் புளூமரோடு தோளோடு தோள் நின்று ஆடியவர். அவர் தம் பழைய தோழரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். வயது முப்பத்தாறு, கால்களின் விரைவு குறைந்திருந்தது, கழகமோ இரண்டாம் பிரிவில் கிடந்தது. ஆயினும் அவர் வந்தார். 1912-ஆம் ஆண்டில் டார்பியார் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மீண்டும் முதற் பிரிவுக்கு ஏறினர். அன்று அவர்களும் செல்சி கழகத்தாரும் புள்ளிகளில் ஒத்திருக்க, கோல் விகிதமே டார்பியாரை முதலிடத்தில் வைத்தது. ஆறாண்டுகளுக்கு முன் மிடில்ஸ்பரோவைக் காத்த அதே சிறு கணக்கு, இம்முறை புளூமரின் சொந்த ஊருக்கு உதவிற்று. 1914-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், நாற்பது வயது நிறைந்த சில நாட்களில், அவர் கடைசி முறையாக டார்பிக்காக ஆடினார். இரு காலங்களிலும் சேர்த்து அக்கழகத்துக்காக அவர் ஆடிய பந்தயங்கள் 525. அடித்த கோல்கள் 332.

அதன்பின் விதி அவரை வேறு வழியில் இழுத்துச் சென்றது. 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெர்லின் நகரத்துக் கழகமொன்றுக்குப் பயிற்சியாளராகச் சென்றார். சில வாரங்களில் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் அவரைப் பெர்லினை அடுத்த ரூலேபன் என்னும் குதிரைப்பந்தய வெளியில், மற்ற ஆங்கிலேயரோடு சிறைவைத்தனர். பிற்காலத்தில் நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக்கும் அங்கே சிறைப்பட்டிருந்தார். குதிரை லாயங்களில் வாழ்ந்த அம்மனிதர், சோர்வுக்கு இடங்கொடாமல் பாடம் படித்தனர், நாடகம் நடித்தனர், உதைபந்தும் ஆடினர். ஊர் துறந்து, உற்றார் துறந்து இருந்தோர்க்குப் புளூமரின் ஆட்டம் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1918-இல் அவர் அங்கிருந்து விடுபட்டார். பின்பு ஸ்பெயின் நாட்டில் இரூன் நகரத்து ரியல் யூனியன் கழகத்தைப் பயிற்றுவித்தார். 1924-இல் அக்கழகம் மத்ரித் கழகத்தை வென்று அந்நாட்டு அரசர் கிண்ணத்தை அடைந்தது. தம் ஊருக்குப் பெற்றுத் தர இயலாத கிண்ணத்தை அயல்நாட்டு ஊருக்குப் பெற்றுத் தந்தார்.

முடிவில் அவர் டார்பிக்கே மீண்டார். உடல் நலிந்த காலத்தில், நலம் கருதி நெடுங்கடற் பயணம் சென்று திரும்பினார். ஊர் சேர்ந்த சில வாரங்களில், 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி அந்நகரிலேயே உயிர் நீத்தார். எட்டாண்டுகளுக்குப் பின், 1946-இல், டார்பியார் எப்.ஏ. கிண்ணத்தை வென்றனர். அதைக் காண அவர் இல்லை. 2009-ஆம் ஆண்டில் அக்கழகத்தின் புதிய ஆட்டவெளியில் அவருடைய மார்பளவுச் சிலை நிறுவப்பெற்றது. அதனை நிறுவியோருள், அவர் ஆட்டத்தைக் கண்ணாற் கண்டவர் எவரும் இருந்திருக்க இயலாது. பாட்டன் தந்தைக்கும், தந்தை மைந்தனுக்குமாகச் சொல்லி வந்த அன்பே அச்சிலையாயிற்று.

நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அபிமானியின் துயர் நகைப்புக்குரியதன்று. கழகம் என்பது கட்டடமுமன்று, சட்டையின் நிறமுமன்று. இன்னார் ஆடினார், இன்னாரோடு நாமும் நின்றோம் என்னும் நினைவுகளின் தொகுதியே அது. ஒருவர் பிரியும்போது அத்தொகுதியில் ஓரிடம் வெறுமையாகின்றது. வருந்துதல் இயல்பே; வருந்தாதிருப்பதே குறை. ஆனால் வருத்தம் வசையாக மாறுதல் தகாது. டார்பி நகரத்தார் தம் வீரரை இழந்த நாளில் அவரை வெறுத்து ஒதுக்கியிருப்பின், நான்காண்டுகளுக்குப் பின் திரும்பி வருவதற்கு அவருக்கு ஏது வாயில்?

நம் கல்லூரி வெளியிலும் ஆண்டுதோறும் இப்பிரிவு நிகழ்கின்றது. மூன்றாண்டுகள் நம் கழகத்தின் முன்வரிசையில் நின்றவர் பட்டம் பெற்றுப் போகின்றார். சிலர் இடையிலேயே வேறு கல்லூரி நாடிச் செல்கின்றனர். அடுத்த பருவத்தில் அவரையே எதிரணியிற் காணவும் நேரலாம். அந்நாளில் அவர் நம் கோலினுள் பந்தைச் செலுத்தினால், நமக்கு நெஞ்சு நோகும்; நோகட்டும். ஆயினும் பந்தயம் முடிந்த பின், வெளியின் நடுவே சென்று முதலில் அவர் கையைப் பற்றுவோர் நாமாக இருப்போமாக.