ரோய் பிளங்கெற் (1910 – 1994): டெப்லோனைக் கண்டறிந்தவர்

மாணவர்களே! ஒட்டாத சட்டியில் பொரித்த முட்டை வழுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சட்டியின் உட்பூச்சு டெப்லோன் எனும் பல்பகுதியமாகும். அதைக் கண்டறிந்தவரே ரோய் பிளங்கெற்.

இவர் 1910 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். 1936 இல் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று டூபொன்ற் நிறுவனத்தில் சேர்ந்தார். குளிர்சாதனப் பெட்டிகளுக்கு ஏற்ற புதிய குளிராக்கியைத் தேடுவதே இவரது பணி. அதற்காக ரெற்றாபுளோரோஎதிலீன் வாயுவைத் தயாரித்து, சிறிய உருளைகளில் அடைத்து, உலர் பனிக்கட்டியில் வைத்திருந்தார்.

1938 ஏப்ரல் 6 ஆம் திகதி இவரும் உதவியாளர் ஜாக் ரெபொக்கும் ஓர் உருளையைத் திறந்தனர். வாயு வரவில்லை. கசிந்து போயிருக்கும் என்று எண்ணி அடுத்த உருளையை எடுத்திருக்கலாம். ஆனால் உருளையின் நிறை குறையவில்லை என்பதை இவர்கள் கவனித்தனர். வாயு வெளியேறவில்லை என்றால் உள்ளே இருப்பது என்ன? உருளையை அறுத்துப் பார்த்தனர். உள்ளே வெண்ணிறமான, மெழுகு போன்ற தூள் இருந்தது.

நடந்தது என்ன? வாயு மூலக்கூறுகளிலிருந்த காபன் – காபன் இரட்டைப் பிணைப்புகள் திறந்து, அவை ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சங்கிலிகளாகியிருந்தன. இதுவே கூட்டற் பல்பகுதியாக்கம்.

இச்சங்கிலியில் காபன் அணுக்களைப் புளோரின் அணுக்கள் போர்வைபோல் மூடியுள்ளன. காபன் – புளோரின் பிணைப்பு மிக வலிமையானது. ஆகவே டெப்லோன்,
1. செறிந்த அமிலங்களாலும் காரங்களாலும் தாக்கப்படுவதில்லை.
2. ஏறத்தாழ 327 பாகை செல்சியசிலேயே உருகும்.
3. மிகக் குறைந்த உராய்வுடையது. பிற பொருள்கள் அதில் எளிதில் ஒட்டா.
4. மின்னைக் கடத்தாது.

1941 இல் பிளங்கெற்றுக்கு ஆக்கவுரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அணுகுண்டுத் திட்டத்தில் பயன்பட்ட அரிப்புத்தன்மை மிக்க யுரேனியம் எக்சாபுளோரைட்டைத் தாங்க இப்பொருள் உதவியது. ஒட்டாத சட்டிகள் 1950களில் பிரான்சில் விற்பனைக்கு வந்தன. எனினும் இச்சட்டிகளை வெறுமையாக அதிக நேரம் சூடாக்கக் கூடாது. டெப்லோன் பிரிகையடைந்து நச்சுப் புகை வெளிவரும்.

பிளங்கெற் 1975 இல் ஓய்வு பெற்று 1994 இல் காலமானார்.

மாணவர்களே! செயன்முறையில் எதிர்பாராத பெறுபேறு கிடைத்தால் அதை அழித்துவிட்டு நண்பரின் கொப்பியைப் பார்த்து எழுதாதீர்கள். முதலில் ஏன் என்று கேளுங்கள். பிளங்கெற் செய்ததும் அதுவே.