கைவிளக்கேந்திய காரிகையும் ஒரு சிற்றாந்தையும்

ஆந்தை, கூகை, குடிஞை எனப் பல பெயரிட்டு அழைத்த தமிழர் முதலாக, உலக மக்கள் பலரும் அப்பறவையை அச்சத்தோடே நோக்கி வந்துள்ளனர். அதன் குரல் கேட்டால் சாவு வரும் என்று நடுங்கியோர் மேலை நாட்டிலும் உண்டு. அத்தகைய பறவையொன்றைத் தம் சட்டைப் பையில் வைத்துச் சுமந்து திரிந்தார் ஒரு பெண்மணி. அவரே, இரவில் இன்னிசை பாடும் ஒரு பறவையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரே பெயராயிற்று. தம் பதினாறாம் வயதில், இறைவன் தம்மைப் பணிக்கு அழைப்பதாக உணர்ந்தார். நோயாளருக்குத் தொண்டு செய்வதே அப்பணி எனப் பின்னர்த் தெளிந்தார். ஆயின் அந்நாளில் மருத்துவமனைச் செவிலி வேலை இழிந்ததாகக் கருதப்பட்டது. பெற்றோரும் தமக்கை பார்த்தெனோப்பும் தடுத்தனர். திருமணத்தை மறுத்தும் விடுதலை கிட்டவில்லை. மனம் நொந்திருந்த அவரைக் குடும்ப நண்பர்களான பிரேஸ்பிரிட்ஜ் இணையர் எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் அழைத்துச் சென்றனர்.

1850ஆம் ஆண்டு ஏதன்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில், கூட்டிலிருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சு ஒன்று சிறுவர் கையில் சிக்கித் துன்புறுவதைக் கண்டார். அதனை மீட்டுத் தம்மோடு எடுத்துச் சென்றார். கிரேக்கரின் அறிவுத் தெய்வமாகிய அதீனாவுக்கு ஆந்தை உரியது; பழைய ஏதன்ஸ் நாணயங்களிலும் அதன் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. ஆகவே குஞ்சுக்கும் அதீனா என்றே பெயரிட்டார். நம் ஊர்ப் புள்ளி ஆந்தையும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. ஒரு சாண் உயரமே உள்ள சிறிய பறவை. முரட்டுக் குணம் படைத்த அக்குஞ்சு பொறுமையாகப் பழக்கப்பட்டு, அவர் விரலில் அமர்ந்து உணவு கொள்ளலாயிற்று. வீடு வந்தவரை அது கொத்தியதும் உண்டு. அவர் வளர்த்த சிள்வண்டு ஒன்றுக்குப் பிளேட்டோ என்பது பெயர். அம்மெய்யறிஞரை அதீனா விழுங்கிவிட்டது!

ஊர் திரும்பும் வழியில் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் தொண்டு நிலையத்தைக் கண்டார். மறு ஆண்டு அங்கேயே பயிற்சியும் பெற்றார். 1853இல் இலண்டனில் நோயுற்ற பெண்டிருக்கான இல்லமொன்றின் கண்காணிப்பாளரானார்.

1854இல் கிரிமியப் போர் மூண்டிருந்தது. காயமுற்ற வீரர்களின் அவலம் கேட்டு, 38 பெண்களுடன் துருக்கி செல்ல அவர் ஆயத்தமானார். அந்தப் பரபரப்பில் வீட்டார் அதீனாவை மேல்மாடத்து அறையில் விட்டனர். எலி பிடித்து உண்டு பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் மனிதர் கையிலேயே உண்டு பழகிய பறவை தனிமையில் மடிந்தது. போர்முனைக்குப் புறப்படும்போதும் கலங்காத அம்மையார் அச்சிறு உடலைக் கையில் ஏந்திக் கண்ணீர் உகுத்தார் என்பர். அதனைப் பதப்படுத்தி வைக்கச் செய்தபின், அக்டோபர் 21ஆம் நாள் புறப்பட்டார்.

ஸ்குட்டாரிப் படைவீட்டு மருத்துவமனையில் புண்ணால் இறந்தவரினும் காய்ச்சலாலும் கழிச்சலாலும் இறந்தவரே மிகுதி. இரவுதோறும் கைவிளக்குடன் நோயாளரைக் கண்டு ஆறுதல் அளித்தார். 1855இல் அரசு அனுப்பிய குழுவினர் சாக்கடைகளைத் தூய்மை செய்தபின் சாவு வெகுவாகக் குறைந்தது. அவ்வுண்மையை 1858இல் வண்ண வரைபடங்களால் ஆட்சியாளர்க்கு உணர்த்தினார். போர்க்களத்தில் அவர் காய்ச்சலுற்றுக் கிடந்த 1855ஆம் ஆண்டிலேயே, முன்பு தடுத்து நின்ற தமக்கை, அதீனாவின் வாழ்வையும் மறைவையும் படங்களுடன் சிறு நூலாக்கித் தங்கைக்கு ஆறுதல் தந்தார்.

1859இல் வெளியான செவிலியம் பற்றிய தம் நூலில், நெடுநாள் நோயாளருக்குச் சிறு வளர்ப்புயிர் நல்ல துணையாகும் என்று அம்மையார் எழுதினார். அதீனாவின் துணையை நுகர்ந்தவர் அல்லரோ! 1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி கண்டார். இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்திராத போதிலும், இந்நாட்டின் சுகாதாரத்துக்கும் பஞ்ச நிவாரணத்துக்கும் பல்லாண்டு எழுதி வாதாடினார். 1910 ஆகஸ்ட் 13இல், 90ஆம் வயதில் மறைந்தார்.

பதப்படுத்தப்பட்ட அதீனா இலண்டனில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. உலகம் அஞ்சி ஒதுக்கிய பறவையின் துயரைக் கண்ட கண்ணே, உலகம் எண்ணிக்கையாக மட்டும் கண்ட போர்வீரர்களின் துயரையும் கண்டது. பெருந்தொண்டுக்குத் தனி உள்ளம் வேண்டுவதில்லை. சிற்றுயிரிடத்தும் இரங்கும் உள்ளமே வளர்ந்து பெருந்தொண்டாகிறது. இருளைக் கண்டு அஞ்சாத பறவையை நேசித்தவர், இருளில் விளக்கேந்தி நடந்தார்.